கனமான இசையும் கேட்கும் இடமும்: இளையராஜாவின் 'திருவாசகம்' பெற்ற வரவேற்பு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

நெடுங்காலம் ஒருவகை இசையால் மக்களைக் கட்டிப்போட்ட கலைஞர், பிற்காலத்தில் அதைவிடக் கனமான தொகுப்பொன்றைத் தரும்போது ரசிகர் கூட்டம் பிளவுபடுவது உலகெங்கும் காணும் நிகழ்ச்சி. 'பழைய மாதிரி இல்லை' என்று ஒரு சாரார் மனம் வெதும்புவர். 'உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை' என்று மறு சாரார் அவர்கள் வாயை அடைப்பர். தமிழில் இதற்குத் தெளிவான சான்று, 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாதெமியில் வெளியிடப்பட்ட இளையராஜாவின் 'திருவாசகம்'. அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' (1976) வெளிவந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தத் தொகுப்பை ஏற்கத் தயங்கியவர்களின் தயக்கத்துக்கு ரசனைக் குறைவோ பக்தி மிகுதியோ முதற்காரணம் ஆகாது. அதைக் கேட்பதற்குரிய இடமும் நேரமும் அவர்கள் வாழ்க்கையில் அமையாததே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதியில் உள்ள திருநின்றவூரை இவ்வாதத்துக்குக் களமாகக் கொள்கிறேன். சினிமாப் பாட்டும் சைவத் திருமுறையும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது.

1. கனம் எங்கே இருந்தது?

ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, இளையராஜாவே முதன்மைக் குரலாகப் பாடிய தொகுப்பு இது. தமிழ் மையம் சார்பில் ஜெகத் கஸ்பார் ராஜ் முன்னின்று இதற்கு நிதி திரட்டினார். ஆறு பாடல்கள். ஆனால் அவற்றைப் பாடல்கள் என்று சொல்வதிலேயே ரசிகருக்குத் தடை இருந்தது. பல்லவி, இன்டர்லூட், சரணம் என்று நாலைந்து நிமிடத்தில் முடியும் வடிவத்தில் முப்பதாண்டு பழகிய செவிக்கு, சிவபுராணப் பகுதி ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டது. அதற்குள் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷுவார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் வருகின்றன. கூட்டுக் குரல்கள் எழுந்து அடங்குகின்றன. தாளம் நின்று மீண்டும் பிறக்கிறது. திரும்பத் திரும்ப வந்து கைகொடுக்கும் பல்லவியை எதிர்பார்த்தவருக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை.

சைவ அன்பருக்கு வேறொரு தடை. திருவாசகத்தின் 51 பகுதிகளில் முதலாவது சிவபுராணம். முற்றோதலில் அமர்பவர் அதில் தொடங்கி அச்சோப் பதிகத்தில் முடிப்பார். இளையராஜாவின் தொகுப்போ, நூல் வரிசையில் 45ஆவதான யாத்திரைப் பத்தில் தொடங்குகிறது. இறைவனிடம் போகும் காலம் வந்துவிட்டது என்று அடியாரை அழைக்கும் பகுதி அது. பயணத்தின் முடிவை முதலில் வைத்து, அதன்பின் தன் வினையை எண்ணிக் கலங்கும் மனிதனின் முறையீட்டுக்கு அவர் வருகிறார். நாடகத்தன்மை கொண்ட இந்த வரிசைமாற்றம் கலையாகப் பார்த்தால் துணிச்சலானது. ஓதுவார்கள் திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகன ராகத்தில் பாடக் கேட்டு, நூல் வரிசையையும் மனத்தில் பதித்தவருக்கு அது வாசல் மாறிய வீடாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

2. வழக்கமான இரு விளக்கங்கள்

முதல் விளக்கம்: சினிமா ரசிகருக்கு இத்தகைய இசையில் பயிற்சி இல்லை. இது நிற்காது. 'பகல் நிலவு' (1985) படத்தில் இளையராஜாவும் எஸ். ஜானகியும் பாடிய பாட்டில் இரு குரல்கள் வெவ்வேறு மெட்டில் ஒன்றன்மேல் ஒன்று செல்லும். மேற்கத்திய மரபில் கவுன்டர்பாயின்ட் எனப்படும் அந்த உத்தியின் பெயர் தெரியாமலே, எந்தக் குரல் எங்கே நுழையும் என்பதை டீக்கடையில் நின்றபடி விரலால் தட்டிக் காட்டியவர்கள் நம் ரசிகர்கள். பேஸ் கிதார் எங்கே தனியே நடக்கிறது என்று பேசிப் பேசி இரவைக் கழித்தவர்களைப் பயிற்சியற்றவர்கள் என்பது அநியாயம்.

இரண்டாம் விளக்கம்: சைவர்கள் மாற்றத்தை வெறுப்பவர்கள். இதுவும் பொருந்தாது. ஜி.யு. போப் 1900இல் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டதைச் சைவ உலகம் இன்றுவரை பெருமையோடு பேசுகிறது. மேடைக் கச்சேரியிலும் ஒலிநாடாவிலும் திருவாசகம் பல மெட்டுகளில் வலம் வந்திருக்கிறது. அவற்றையும் அன்பர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த இரண்டு விளக்கங்களும் கேட்பவரின் தலைக்குள் குறை தேடுகின்றன. பார்க்க வேண்டியது அவர் நிற்கும் இடத்தை.

திருநின்றவூரிலிருந்து விடியற்காலையில் மின்சார ரயில் ஏறுபவர்கள் ஆவடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் பெரம்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். வேறு சிலர் கம்பெனி பஸ் பிடித்து எதிர்த்திசையில் போகிறார்கள். ஷிப்டு மாறும், தூக்கம் மாறும். இந்த வாழ்க்கையில் பாட்டு எப்போதும் இன்னொன்றோடு சேர்ந்தே வந்தது: டீக்கடை ரேடியோ, கல்யாண வீட்டு மைக்செட், ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட். அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் ஆறேழு சினிமாப் பாட்டு அடங்கும். பக்கத்தைத் திருப்பலாம், நடுவில் நிறுத்தலாம். திருவாசகமும் தன் இடங்களை உடையது: மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் வரும் திருவெம்பாவை, ஞாயிற்றுக்கிழமை முற்றோதல், துக்க வீட்டில் ஓதும் சிவபுராணம்.

2005இன் தொகுப்பு இந்த இரண்டு வரிசையிலும் சேரவில்லை. ரயில் இரைச்சலில் அதன் மெல்லிய நரம்பிசை காணாமல் போகும். முற்றோதலில் அதை ஒலிக்கவிட்டுக் கூட ஓத முடியாது. ஒரு மணி நேரம் கதவை மூடி, நல்ல ஒலிபெருக்கியின் முன் சும்மா அமர்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் யாருக்கு இருந்தது என்ற கேள்வியை அன்றைய விவாதம் எழுப்பவே இல்லை. சிம்பொனியா, ஒரட்டோரியோவா என்று பெயரைப் பற்றிய சண்டையிலேயே பெரும்பொழுது கழிந்தது.

3. பங்க் ரசிகர் தரும் ஒப்புமை

இதே சிக்கலை வேறொரு மண்ணில் காணலாம். கலிபோர்னியாவின் பங்க் ராக் குழுவான பிளாக் ஃபிளாக் 1976இல் தொடங்கியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று சீறி முடியும் பாடல்களே அதன் அடையாளம். 1984இல் வெளியான 'மை வார்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாடல்கள். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். பிளாக் சபாத் குழுவின் சாயலில் மந்தமும் பாரமும் கொண்டவை. பழைய ரசிகர்கள் பலர் கொதித்தார்கள்.

அந்தக் கோபத்தின் வேர் உடம்பில் இருக்கிறது. பங்க் கச்சேரியில் கூட்டம் முட்டி மோதி ஆடும். வேகம் அந்த ஆட்டத்துக்கு உயிர். வேகத்தை எடுத்துவிட்டால் ரசிகன் தன் கைகால்களை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். கலைஞர் மாற்றியது இசையை மட்டும் அன்று. கூட்டத்தில் ரசிகனுக்கு இருந்த இடத்தையும் சேர்த்தே பறித்துவிட்டார். பின்னர் அதே இரண்டாம் பக்கத்தைச் சியாட்டில் வட்டாரத்து இளைஞர்கள் வேறு சூழலில் கேட்டு உள்வாங்கினார்கள். மெல்வின்ஸ் குழுவின் மெதுவான பாரத்துக்கு அது வித்திட்டது. அவ்வட்டாரத்து ராக் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த இசைத்தட்டுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தார். இசைத்தட்டு மாறவில்லை, கேட்ட இடமும் கேட்ட உடம்பும் மாறின.

4. பூசலாரின் உரிமை

ரசிகரின் கோபத்துக்கு நியாயம் உண்டா? திருநின்றவூரில் இக்கேள்விக்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. பெரியபுராணம் போற்றும் பூசலார் இவ்வூரினர். சிவனுக்குக் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே நாள் குறித்து, அடிக்கல் நாட்டி, அதை எழுப்பினார். பல்லவ அரசனான காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாள் பூசலாரின் நாளாகவும் அமைய, இறைவன் அரசன் கனவில் தோன்றி அவனுடைய விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார். அரசன் இவ்வூர் தேடி வந்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோயிலைக் கட்டியவரை வணங்கினான்.

ரசிகரும் முப்பதாண்டு கேட்டுக் கேட்டு மனத்துக்குள் ஒரு ராஜாவைக் கட்டியிருக்கிறார். அந்த உழைப்பை மதிக்காமல் 'உனக்குப் புரியாது' என்று ஒதுக்குவது அரசனும் செய்யத் துணியாத செயல். அதே கதை இன்னொன்றையும் சொல்கிறது: கற்றளியை இடிக்கும்படி யாரும் கேட்கவில்லை. அந்தக் கற்றளியாகக் கருதப்படும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் நிற்கிறது. திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலும் நிற்கிறது. ரசிகரின் உரிமை மதிக்கப்பட வேண்டியது. கலைஞரின் கையைக் கட்டும் அளவுக்கு அது நீளாது.

5. இடம் கிடைத்தபோது

கனமான இசைக்கு இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இளையராஜாவின் வாழ்விலேயே சான்று உண்டு. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' (1986) பாட்டே இல்லாத கருவியிசைத் தொகுப்பு. அதன் பகுதிகளைப் பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்தில் பின்னணியாக்கினார். சொந்த வீடு கட்டத் திண்டாடும் நடுத்தர வர்க்கப் பெண்ணின் கதைக்குள் வி.எஸ். நரசிம்மனின் வயலின் நுழைந்தபோது, அது கனம் என்று யாரும் விலகவில்லை. இசைக்கு ஒரு கதையும் ஓர் இருட்டரங்கும் கிடைத்திருந்தன.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. பகுதிகளுக்கு இடையே கைதட்டாமல் இருப்பது அந்த அரங்க மரபு. நம் ரசிகர்கள் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டினார்கள். ஊர் திரும்பிய இளையராஜா அதை மகிழ்ச்சியோடு செய்தியாளர்களிடம் சொன்னார். பதிவிறக்கிக் கேட்காதீர்கள், நேரில் கேளுங்கள் என்றும் வேண்டினார். கலைஞரே இடத்தின் அருமையை உணர்ந்து பேசிய சொல் அது. ரசிகர்களும் அந்த அரங்கில் தங்கள் பழக்கத்தோடு நுழைந்து, அதைத் தமக்கு உரிய இடமாக்கிக்கொண்டார்கள்.

முடிவுரை

கனமான தொகுப்பொன்றின் வெற்றி தோல்வியை வெளியான மாதத்து விற்பனையையும் வாக்குவாதத்தையும் கொண்டு முடிவுசெய்வது தவறு. அது யாருக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் எட்டியது என்பதே ஆய்வின் முதற்கேள்வியாக வேண்டும். அந்த அளவுகோலில் 'திருவாசகம்' தோற்ற படைப்பு அன்று. அரங்கம் தரப்படாத படைப்பு. திருநின்றவூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களின் நூலகங்களும் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் மாதம் ஒரு மாலையேனும் நல்ல ஒலிக்கருவியோடு இத்தகைய இசையைக் கேட்க வழிசெய்ய வேண்டும். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் அவருடைய தீர்ப்பைக் கேட்போம்.