புனிதர் பெயர் பெற்ற வெள்ளங்கள்

பெருங்களத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குடியிருப்போர்க்கு நவம்பர்த் திங்கள் பிறந்ததும் இரண்டு நாள்காட்டிகள் தேவைப்படுகின்றன. ஒன்று திருவழிபாட்டு நாள்காட்டி. முதல் நாள் அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். திங்கள் முடியும் தறுவாயில் திருவருகைக் காலம். அதன்பின் குடில் கட்டும் வேலை. மற்றது எந்த அச்சகத்திலும் அச்சாகாதது. ஆதனூர் ஏரி எப்போது நிரம்பும், பீர்க்கங்கரணை ஏரி எப்போது கலங்கல் பாயும், முடிச்சூர்ச் சாலையில் எத்தனை நாள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பன அதில் உள்ளவை. முதல் நாள்காட்டி நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இரண்டாவது நம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இவ்விரு நாள்காட்டிகளையும் ஒன்றாகவே வைத்துக்கொண்ட மக்கள் உலகின் வடபுறத்தில் இருக்கிறார்கள். அவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். பழவேற்காட்டிலும், நமக்குத் தெற்கே கடலோரம் உள்ள சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஒல்லாந்தர்தாம் அவர்கள். அவர்களுடைய தாயகமான நெதர்லாந்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலமாவதுபோல, அவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை புயற்காலம். மழையைவிடக் காற்றே அங்குக் கொடியது. வடமேற்கிலிருந்து வீசும் குளிர்காலச் சூறாவளி, வடகடலின் நீரைத் தெற்கு நோக்கித் தள்ளும். தெற்கே போகப்போக அக்கடல் குறுகியும் ஆழம் குறைந்தும் போவதால், தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லாமல் அது கரைமீது ஏறும். அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்துகொண்டால், பெருக்கேற்றமும் புயலும் ஒன்றன் தோள்மீது ஒன்று ஏறி நிற்கும்.

அப்படி வந்த வெள்ளங்களுக்கு அம்மக்கள் அந்தந்த நாளுக்குரிய புனிதரின் பெயரையே இட்டார்கள். 1287 டிசம்பரில் வந்தது புனித லூசியா வெள்ளம். 1362 சனவரியில் வந்தது புனித மார்செல்லுஸ் வெள்ளம். இன்றைய செர்மனியின் கரையிலிருந்த ருங்கோல்ட் என்னும் ஊரை விழுங்கியது இதுவே. 1570-இல் அனைத்துப் புனிதர் வெள்ளம். 1717-இல் கிறிஸ்து பிறப்பு வெள்ளம். கிறிஸ்து பிறந்த நாளை ஓர் அழிவுக்குப் பெயராக வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ என்று முதலில் தோன்றுகிறது. எண்ணிப் பார்த்தால் அதில் ஒரு நுட்பம் இருப்பது புலப்படும். எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்கும் ஆண்டுக் கணக்கு மறந்துபோகலாம், திருநாள் மறக்காது. திருநாள் வரும்போதெல்லாம் வெள்ளமும் நினைவிற்கு வரும். நினைவிற்கு வந்தால், கரையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

இவற்றுள் நாம் சற்று நின்று நோக்க வேண்டியது புனித எலிசபெத் வெள்ளம். அங்கேரி நாட்டு அரச குடும்பத்தவராயிருந்தும் ஏழைகளுக்கு அப்பம் பகிர்ந்தவர் என நாம் அறிந்துள்ள அதே எலிசபெத்துதான். இன்று அவருடைய நினைவு நாள் நவம்பர் 17. பழைய நாள்காட்டியில் 19. அந்த நவம்பர் 19-ஐ ஒட்டி 1404, 1421, 1424 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெள்ளம் வந்தது. மூன்றிலும் கொடியது நடுவில் வந்த 1421-ஆம் ஆண்டு வெள்ளமே. டோர்ட்ரெக்ட் நகரை அடுத்து, கரைகளால் சூழப்பட்டு விளைந்துகொண்டிருந்த பெருநிலம் ஒன்று நீருள் போயிற்று. எழுபத்திரண்டு ஊர்கள் மூழ்கின என்பது வழிவழி வந்த செய்தி. எண்ணிக்கை அவ்வளவு இராது என்று பின்வந்த ஆய்வாளர் கூறுகின்றனர். எண் எதுவாயினும், மூழ்கிய அந்நிலத்தின் ஒரு பகுதி மீளவே இல்லை. பீஸ்பொஸ் என்னும் சதுப்புநிலமாக இன்றும் அது கிடக்கிறது.

வெள்ளம் வடிந்தபோது ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம். உள்ளே குழந்தை. தொட்டிலின் மேல் ஒரு பூனை இப்பக்கமும் அப்பக்கமும் தாவித்தாவி அது கவிழாதபடி காத்ததாம். தொட்டில் ஒதுங்கிய இடத்திற்குக் கிண்டர்டைக், அதாவது குழந்தைக் கரை என்று பெயர். இது கதையே, வரலாறன்று. ஆனால் பூனை வளர்க்கும் வீட்டார் யாரும் இதை நம்ப மறுக்கமாட்டார்கள்.

கதையை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்ப்போம். கரை ஏன் உடைந்தது? புயல் வலியதாயிருந்தது என்பது உண்மை. அதைவிட முந்திய காரணங்களும் இருந்தன. அக்காலத்தில் அந்நாட்டுப் பிரபுக்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நெடுங்காலம் போரிட்டுக் கொண்டிருந்ததில் கரை பராமரிப்புக் கவனிப்பாரற்றுப் போயிற்று. உப்பும் எரிபொருளும் எடுப்பதற்காக, கரையை ஒட்டியே கரிமண்ணைத் தோண்டித் தோண்டி நிலத்தைப் பள்ளமாக்கி வைத்திருந்தார்கள். புயலுக்கு வழி திறந்து வைத்தது மனிதரின் கையே. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, டோர்ட்ரெக்ட் பேராலயத்திற்கென்று ஒரு பீடப் படம் தீட்டினார்கள். அதன் கதவுகளைச் சாத்தினால் வெளிப்புறத்தில் வெள்ளக் காட்சி. திறந்தால் உள்ளே எலிசபெத் அம்மையாரின் வாழ்க்கை. அப்படங்கள் இன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. வெள்ளத்தைக் கண்டவர் ஏறக்குறைய ஒருவரும் உயிரோடு இல்லாத காலத்தில், அதைக் காணாதவர்க்காகத் தீட்டப்பட்டவை அவை என்பதை இங்கு நாம் கருத வேண்டும்.

பெயரிட்டதோடும் படம் தீட்டியதோடும் அவர்கள் நிற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்களை அமைத்துக்கொண்டார்கள். கரையால் பயன்பெறுவோர் அனைவரும் கரையைப் பேண வேண்டும் என்பது விதி. அவ்வாரியங்கள் இன்றும் உள்ளன. தனித் தேர்தலும் தனி வரியும் அவற்றுக்கு உண்டு.

இதைப் படிக்கும்போது நம்மவர்க்குப் பெருமூச்சு வருவது இயற்கை. ஆனால் பொறாமைப்பட நமக்கு உரிமையில்லை. ஏனெனில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள். பெருங்களத்தூரிலிருந்து செங்கற்பட்டு வழியாகப் பேருந்தேறினால் சில மணி நேரத்தில் சென்றடையும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்த விதி அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒல்லாந்தரின் வாரியங்களுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முற்பட்டது அது. செங்கற்பட்டை ஏரி மாவட்டம் என்று அழைப்பது வெறும் புகழ்ச்சியன்று. ஒரு ஏரி நிரம்பி, கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியை நிரப்பி, அதுவும் வழிந்து இறுதியில் ஆற்றைச் சேரும்படி சங்கிலிபோல் அமைத்திருந்தார்கள். மலையோ பெரிய நீரூற்றோ இல்லாத நம் அடையாறு, இந்த ஏரிகளின் உபரிநீரால் மட்டுமே ஆறாயிற்று. மணிமங்கலத்துப் பக்கத்து ஏரிகளின் நீரும் ஆதனூர்ப் பக்கத்து நீரும் சேர்ந்து, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியே வடகிழக்காகச் செல்லும்போதுதான் அது ஆறென்னும் உருவம் பெறுகிறது. பெருங்களத்தூர், பீர்க்கங்கரணை, இரும்புலியூர் ஏரிகளின் வழிநீரும் மேற்கே இறங்கி அதனையே அடைய வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை.

பெருங்களத்தூர் என்னும் பெயரே ஒரு சான்று. களம் என்றால் நெல்லடிக்கும் களம் என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதே மாவட்டத்தில் பொன்விளைந்த களத்தூரும் உள்ளது. களம் இருந்தால் வயல் இருந்திருக்கும். வயல் இருந்தால் ஏரியும் மதகும் வாய்க்காலும் இருந்திருக்கும். இப்போது அந்த வயலில் நாம் இருக்கிறோம். இப்பகுதியில் மனை வாங்கியவர்கள் தங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து நான்கெல்லை விவரத்தைப் படித்துப் பார்க்கலாம். வாய்க்காலுக்குக் கிழக்கு, ஏரிக்கரைக்கு வடக்கு என்று பல பத்திரங்கள் பேசும். கையெழுத்திடும்போது நாம் விலையைப் படித்தோம், எல்லையைப் படிக்கவில்லை. நம்முடைய பத்திரத்திலும் ஒரு வாய்க்கால் உண்டு. வீட்டுக்கு வெளியே நின்று அதைத் தேடினால் சிமெண்டுச் சாலைதான் தென்படுகிறது.

2015-இல் அந்த வாய்க்கால் தன் எல்லையைத் தானே வந்து காட்டிற்று. நவம்பர் 8, 9 நாட்களில் ஒரு தாழ்வு மண்டலம். 15, 16-இல் பெருமழை. அப்போதே முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, படகுகளும் ஹெலிகாப்டர்களும் வந்து மக்களை மீட்டன. ஏரிகளெல்லாம் நிரம்பித் ததும்பிய நிலையில்தான் டிசம்பர் முதல் நாள் பிறந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கை வானம் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. 1878 முதல் வெளிவரும் 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. தமிழகமெங்கும் அப்பருவமழையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அப்பழி முழுவதையும் செம்பரம்பாக்கத்தின்மேல் போடுவது இன்றும் நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. அந்த ஏரியைத் திறந்துவிட்ட முறை பற்றி எழுந்த கேள்விகள் நியாயமானவையே. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் அதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. சைதாப்பேட்டையாரும் மணப்பாக்கத்தாரும் கேட்கட்டும். ஆனால் நாம் கேட்பதற்கு முன் நில அமைப்பை நோக்க வேண்டும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலக்குமிடம் திருநீர்மலைப் பக்கத்தில், முடிச்சூருக்குக் கீழே. அந்நீர் மேல்நோக்கி ஏறி நம் வாசலுக்கு வரவில்லை. நம்மை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம், பீர்க்கங்கரணைப் பக்கத்து நீர். நாள்தோறும் நாம் கடந்துபோகும் ஏரிகளின் நீர். புறவழிச்சாலை இரும்புலியூர் ஏரியை ஊடறுத்துப் போகிறது. கால்வாய்கள் தெருக்களாயின. ஏரி உள்வாயில் எழுந்த வீடுகளுக்கு மின்சாரமும் குடிநீரும் வந்தன. வரி வாங்கி இரசீது கொடுத்தார்கள். 1421-இல் ஒல்லாந்தர் கரையோரம் மண் தோண்டியதற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான்: அவர்கள் பள்ளம் தோண்டினார்கள், நாம் பள்ளத்தைத் தூர்த்தோம்.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு. வரதராஜபுரம், முடிச்சூர்ப் பகுதிகளில் அடையாறு அகலப்படுத்தப்பட்டது, கரைகள் உயர்ந்தன, மூடு கால்வாய்கள் கட்டப்பட்டன. 2017-இல் குடிமராமத்து என்னும் பழைய பெயரில் ஒரு திட்டமும் வந்தது. ஆயினும் 2021 நவம்பரில் அதே தெருக்களில் மீண்டும் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பர் 4 அன்று, மிக்சாம் புயலின் மழையில், பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை நடந்து போயிற்று. நாடே அந்தக் காணொளியைப் பார்த்து வியந்தது. நெடுங்குன்றம் ஏரியில் முதலைகள் உண்டு என்பதை அறிந்த ஊரார் அவ்வளவாக வியக்கவில்லை. ஏரி வழிந்து சாலைக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

அதே 2023 டிசம்பரில், பதினேழு நாட்கள் கழித்து, ஒல்லாந்தர் நாட்டிலும் ஒரு புயல் வீசியது. 1953 பிப்ரவரி முதல் நாள் அதிகாலையில் கரைகள் உடைந்து அந்நாட்டில் 1,836 பேர் மாண்டதிலிருந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் கட்டி எழுப்பிய தடுப்பணைகள் பல. அவற்றுள் ராட்டர்டாம் துறைமுகத்தைக் காக்கும் மாஸ்லான்ட் தடுப்பு 1997-இல் திறக்கப்பட்டது. டிசம்பர் 21 அன்று, கடல் நீர் குறித்த அளவைத் தொட்டதும், அதன் இரு பெருங்கதவுகளும் தாமாகவே மூடிக்கொண்டன. நீர்மட்டத்தைக் கண்டு அவை அப்படித் தாமே மூடிக்கொண்டது அதுவே முதன்முறை.

அந்நாட்டு ஊர்களில் வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரில் கல் பதித்துக் காட்டும் வழக்கம் உண்டு. நம் தெருவிலும் 2015-இல் சுவர்கள்தோறும் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. சன்னல் படிக்கு ஒரு சாண் மேலே. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது போயிற்று. இப்போது பெரியவர்கள் பேச்சுவாக்கில் "அந்த வெள்ளத்தில்" என்று தொடங்கினால், பிள்ளைகள் இடைமறித்து, "எந்த வெள்ளம்? பதினைந்தா, இருபத்தொன்றா, இருபத்துமூன்றா?" என்று கேட்கிறார்கள்.