குரங்குத் தீவின் ரகசியமும் முப்பது வருடக் காத்திருப்பும்

2022 ஏப்ரல் 1. ரான் கில்பர்ட் என்ற அமெரிக்க கணினி விளையாட்டு வடிவமைப்பாளர் தன் இணையதளத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். இன்னொரு மங்கி ஐலேண்ட் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். படித்தவர்களில் பலர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். முட்டாள்கள் தினத்தில் வரும் அறிவிப்பை யார் நம்புவார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கில்பர்ட்டுக்கு ஏப்ரல் முதல் தேதி ஏமாற்று வேலைகளே பிடிக்காது. 18 வருடங்களாக அந்த நாளில் தன் தளத்தில் எந்தப் பொய்யும் போடாமல் இருந்தவர் அவர். "புலி வருது" கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி, முதல் தடவை கத்தும்போதே புலியோடு வந்து நின்றார். ஏப்ரல் 4ஆம் தேதி முன்னோட்டக் காட்சி வெளியானபோதுதான் விஷயம் உண்மை என்று ரசிகர்களுக்கு உறைத்தது. உலகம் முழுக்க ஒரே கொண்டாட்டம்!

அந்தக் கொண்டாட்டம் மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. ஜூன் கடைசியில் விளையாட்டின் காட்சிகள் விரிவாக வெளியாகின. உடனே வசைமழை. கில்பர்ட் தன் தளத்தில் பின்னூட்டங்களை மூடினார். இனி இந்த விளையாட்டைப் பற்றி அங்கே எதுவும் எழுதப்போவதில்லை, பகிர்ந்துகொள்வதில் இருந்த சந்தோஷமே போய்விட்டது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

முப்பது வருடம் காத்திருந்த ரசிகர்கள், காத்திருந்த பொருளைப் பார்த்ததும் ஏன் இப்படிச் சீறினார்கள்? இதைப் புரிந்துகொள்ள 1990க்குப் போக வேண்டும்.

சாகாத கதாநாயகன்

அட்வென்ச்சர் கேம் என்பது சுட்டுத் தள்ளும் விளையாட்டு அல்ல. அது ஒரு கதை. கதாநாயகனை இடம் இடமாக நடக்கவிட்டு, எதிர்ப்படுபவர்களிடம் பேசி, கிடைக்கும் பொருட்களைச் சேர்த்து, புதிர்களை விடுவித்து நாம்தான் கதையை நகர்த்த வேண்டும். 1980களில் இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் சியரா. 1984இல் அவர்கள் கொண்டுவந்த கிங்ஸ் குவெஸ்ட் பெரிய வெற்றி. ஆனால் அந்த வகை விளையாட்டுகளில் ஒரு தொல்லை இருந்தது. ஓர் அடி தவறி வைத்தால் சாவு. ஆரம்பத்தில் ஒரு பொருளை எடுக்க மறந்தால் பல மணி நேரம் கழித்து முட்டுச்சந்து. மறுபடியும் முதலிலிருந்து!

லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கில்பர்ட்டுக்கு இது எரிச்சலாக இருந்தது. 1987இல் வந்த மேனியாக் மேன்ஷன் விளையாட்டுக்காக ஸ்கம் என்ற மென்பொருள் கருவியை அவர் உருவாக்கியிருந்தார். அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. திரையில் இருக்கும் 'எடு', 'திற', 'பேசு' போன்ற சொற்களை மவுஸால் அழுத்தினால் போதும். 1989இல் அட்வென்ச்சர் விளையாட்டுகள் ஏன் இப்படிச் சொதப்புகின்றன என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

அடுத்த வருடம், 1990 அக்டோபரில், அந்தக் கட்டுரைக்குச் செயல்வடிவம் போல வந்தது 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட்'. கில்பர்ட்டுடன் டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் என்ற இரண்டு இளைஞர்கள் சேர்ந்து எழுதினார்கள். டிஸ்னிலேண்டில் உள்ள கடற்கொள்ளையர் சவாரியும், டிம் பவர்ஸ் 1987இல் எழுதிய ஒரு நாவலும்தான் கில்பர்ட்டுக்குத் தூண்டுதல்.

கதாநாயகன் பெயர் கய்பிரஷ் த்ரீப்வுட். கடற்கொள்ளையன் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு லட்சியம் இல்லாத அப்பாவிப் பையன். இந்த விளையாட்டில் கத்திச் சண்டையில் ஜெயிக்கக் கை வேகம் தேவையில்லை. எதிராளியின் வசைக்குச் சரியான பதில் வசை தெரிந்திருக்க வேண்டும்! கய்பிரஷ் அநேகமாகச் சாகவே மாட்டான். பத்து நிமிடம் மூச்சடக்கத் தெரியும் என்று பெருமை அடித்துக்கொள்வான். அவனைத் தண்ணீருக்கு அடியில் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா விட்டுவைத்தால் மட்டும்தான் கதை முடியும்.

எல்லாம் சரி, தலைப்பில் இருக்கும் அந்த 'ரகசியம்' என்ன? முதல் பாகம் அதைச் சொல்லவே இல்லை.

1991இல் இரண்டாம் பாகம் வந்தது. ரகசியம் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரிய குழப்பம். கடைசிக் காட்சியில் கய்பிரஷும் அவன் பரம எதிரி லெசக்கும் சின்னப் பையன்களாக மாறி, அப்பா அம்மாவோடு ஒரு கேளிக்கைப் பூங்காவில் நிற்கிறார்கள். இவ்வளவு நேரம் நடந்ததெல்லாம் குழந்தைகளின் கற்பனையா? இல்லை, லெசக்கின் மாந்திரீகமா? விடை இல்லை. 1992இல் கில்பர்ட் நிறுவனத்தை விட்டே வெளியேறிவிட்டார். ரகசியம் அவர் தலைக்குள். விளையாட்டின் உரிமை நிறுவனத்தின் கையில். ரசிகர்களின் முப்பது வருடத் தவிப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒவ்வொரு முறையும் ஒரு சண்டை

கில்பர்ட் இல்லாமலே தொடர் வளர்ந்தது. 1997இல் மூன்றாம் பாகம். ஜொனாதன் அக்லி, லாரி அஹெர்ன் இருவரும் தலைமை தாங்கினார்கள். கார்ட்டூன் படம் போன்ற ஓவியங்கள். நெட்டையான, ஒல்லியான கய்பிரஷ். முதல்முறையாகக் குரலும் வந்தது. டொமினிக் அர்மாட்டோ கொடுத்த அந்தக் குரல்தான் பிறகு கய்பிரஷின் நிரந்தர அடையாளம் ஆகிவிட்டது. 'இது நம்ம கய்பிரஷே இல்லை' என்று அன்றைக்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. பிற்பாடு இந்தத் தொடரிலேயே அழகானது எது என்று கேட்டால் பலர் கை நீட்டியது இந்தப் பாகத்தைத்தான்.

2000இல் நான்காம் பாகம் முப்பரிமாணத்துக்கு மாறியது. மவுஸ் போய் கீபோர்டு வந்தது. அதில் இருந்த குரங்குச் சண்டைப் புதிர் இன்றுவரை திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. 2009இல் டெல்டேல் நிறுவனம் ஐந்து அத்தியாயங்களாக ஒரு கதையை வெளியிட்டது. அதே வருடம் முதல் பாகமும் புது ஓவியங்களோடு மறுபதிப்பானது. அதில் கய்பிரஷின் தலைமுடி கேலிக்கு ஆளானது தனிக்கதை. நல்லவேளை, கணினிப் பதிப்பில் எஃப்10 விசையை அழுத்தினால் ஒரு நொடியில் பழைய ஓவியம் வந்துவிடும். மனது சரியில்லாதவர்கள் 1990க்கே திரும்பிப் போய்விடலாம்!

ஆக, எந்த இரண்டு காலகட்டத்திலும் மங்கி ஐலேண்ட் ஒரே முகத்தோடு இருந்ததில்லை. முகம் மாறும்போதெல்லாம் முனகலும் இருந்தது.

கணக்கில் வராத சொத்து

2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. எல்லோர் கண்ணும் ஸ்டார் வார்ஸ் மீது. அந்த மூட்டைக்குள் ஒரு மூலையில் மங்கி ஐலேண்டும் கிடந்தது. 2013 ஏப்ரலில், விளையாட்டுகளைத் தாங்களே தயாரிக்கும் வேலையை லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுத்திக்கொண்டது. 2016இல் கில்பர்ட், விளையாட்டுத் தயாரிப்பை விட்டுவிட்டீர்களே, என் பழைய விளையாட்டுகளின் உரிமையை எனக்கே விற்றுவிடுங்கள் என்று டிஸ்னியிடம் ட்விட்டரில் பகிரங்கமாகக் கேட்டார். உரிமை கை மாறவில்லை.

ஒரு தொழிலை வாங்கும்போது கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றோடு நற்பெயருக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும் என்பது கணக்குப்பதிவியலின் பாலபாடம். மங்கி ஐலேண்டின் நற்பெயர் எங்கே இருந்தது? டிஸ்னியின் பெட்டகத்தில் இல்லை. பத்து வயதில் அதை விளையாடி, வசைகளை மனப்பாடம் செய்து, ரகசியம் என்னவாக இருக்கும் என்று நண்பர்களோடு வாதாடிய லட்சக்கணக்கானவர்களின் தலைக்குள் இருந்தது. எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையெழுத்து இல்லை. ஆனால் அது தங்கள் சொத்து என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. நடந்த சண்டையின் வேர் இதுதான்.

போதாக்குறைக்கு கில்பர்ட்டே ஒரு நம்பிக்கையை விதைத்திருந்தார். 2013இல், மறுபடியும் மங்கி ஐலேண்ட் செய்தால் எப்படிச் செய்வேன் என்று ஒரு பட்டியல் எழுதினார். இரண்டாம் பாகம் முடிந்த இடத்தில் கதை தொடங்கும், பழைய பாணிப் புள்ளி ஓவியங்கள் இருக்கும் என்பவை அதில் அடக்கம். 2014இல் ரசிகர்களிடம் நிதி திரட்டி, 2017இல் அவர் வெளியிட்ட திம்பிள்வீட் பார்க் அதே பழைய பாணியில்தான் இருந்தது. ரசிகர்கள் மனதில் ஒரு படம் உறுதியாகப் பதிந்துவிட்டது.

2022இல் வந்ததோ முற்றிலும் வேறு. கில்பர்ட்டும் கிராஸ்மனும் எழுதிய 'ரிட்டர்ன் டு மங்கி ஐலேண்ட்'டுக்குக் கலை இயக்குநர் ரெக்ஸ் க்ரோல். கத்தரித்து ஒட்டிய காகிதம் போன்ற கோணல்மாணலான உருவங்கள். 'சொன்னது ஒன்று, செய்தது ஒன்று' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கில்பர்ட்டின் பதிலையும் கேட்க வேண்டும். முதல் இரண்டு பாகங்கள் வெளிவந்தபோது அவை பழைய பாணி விளையாட்டுகளாக இருக்கவில்லை, அந்தக் காலத்துக் கணினியில் எது முடியுமோ அதன் உச்சத்தைத் தொட்டவை என்றார். இது உண்மை. முதல் பாகம் 16 வண்ணங்களில் வந்தது அழகுக்காக அல்ல. அன்றைய கணினிகளில் பல அதற்கு மேல் தாங்காது. இரண்டாம் பாகத்தின் பின்னணிகள் காகிதத்தில் கையால் தீட்டப்பட்டு, ஸ்கேன் செய்யப்பட்டவை! வசதி கிடைத்த உடனேயே புள்ளிகளை விட்டு ஓவியத்தை நோக்கி ஓடியவர்கள்தான் அந்தக் குழுவினர். ரசிகர்கள் பொக்கிஷமாகக் காத்தது ஒரு காலத்தின் பற்றாக்குறையை.

கருத்து வேறுபாடு தப்பில்லை. ஆனால் விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் கதையை உருவாக்கியவரையே அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போகும்படி செய்தது ரசனை ஆகாது.

கடைசியில் என்னதான் ரகசியம்?

(இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். முடிவு சொல்லப்படுகிறது.)

2022 செப்டம்பர் 19ஆம் தேதி விளையாட்டு வெளியானது. விளையாடிய பிறகு கோபம் கணிசமாகத் தணிந்தது. அர்மாட்டோவின் குரலும், மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல், கிளின்ட் பஜாக்கியன் மூவரின் இசையும் பழைய நண்பர்களைப் போல வரவேற்றன. புதிரில் மாட்டிக்கொண்டால் உதவ, விளையாட்டுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகமும் இருந்தது.

சொன்னபடியே கதை 1991இன் பூங்காவில்தான் தொடங்குகிறது. அங்கே ஓடியாடும் குழந்தைகளில் ஒருவன் கய்பிரஷின் மகன்! பெஞ்சில் உட்கார்ந்து, ரகசியத்தைத் தேடிப் போன கதையை மகனுக்குச் சொல்கிறான் நடுத்தர வயது கய்பிரஷ். கடைசிக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது கேளிக்கைப் பூங்காவின் செட். கடற்கொள்ளையர்கள் எல்லாம் இயந்திரப் பொம்மைகள். விளக்குகளை அணைக்க வேண்டிய வேலை நம்முடையது. ரகசியப் பெட்டிக்குள் இருப்பது ஒரு டி-ஷர்ட். ரகசியத்தைக் கண்டுபிடித்தும் இந்த அற்பச் சட்டைதான் கிடைத்தது என்ற ரீதியில் அதில் ஒரு வாசகம்.

ரசிகர்கள் மறுபடியும் இரண்டாகப் பிரிந்தார்கள். 'இதற்காகவா முப்பத்தொரு வருடம்?' என்று ஒரு கூட்டம். கண் கலங்கிப் போனதாகச் சொன்னது இன்னொரு கூட்டம். வித்தியாசம் என்னவென்றால், இந்த முறை சண்டை ஓவியத்தைப் பற்றியதாக இல்லை. கதை என்ன சொல்கிறது என்பதைப் பற்றியதாக இருந்தது. ஒரு விளையாட்டுக்கு அதுவே பெரிய மரியாதை.

யோசித்துப் பார்த்தால், வேறு எந்த முடிவு திருப்தி தந்திருக்கும்? 1990இல் பத்து வயதாக இருந்தவருக்கு 2022இல் நாற்பதைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர் மனதுக்குள் வளர்ந்த ரகசியத்தோடு எந்தப் பெட்டிக்குள் இருக்கும் பொருளும் போட்டி போட முடியாது. அவர் தேடியது ரகசியத்தையா, அதைத் தேடிக்கொண்டிருந்த தன் பத்து வயதையா? கில்பர்ட்டும் கிராஸ்மனும் இந்தக் கேள்வியை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் போலும். அதனால்தான் மகன் முடிவைப் பற்றிக் கேட்கும்போது, என்ன பதில் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை விளையாடுபவரிடமே விட்டுவிட்டார்கள்.

பிறகு மகன் விளையாடப் போய்விடுகிறான். மனைவி எலைனும் எழுந்து போகிறாள். பெஞ்சில் கய்பிரஷ் மட்டும். அழுத்துவதற்கு எந்தப் பொத்தானும் இல்லை, எடுப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. கொஞ்ச நேரம் அவனோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.