சீனரும் கோல்ப் ஆட்டமும்

ஒரு நாட்டின் வரலாற்றைப் போர்களிலும் அரசாணைகளிலும் மட்டும் தேடுவது போதாது. அந்நாட்டு மக்கள் எதனை விளையாடினர், யாரோடு கூடி விளையாடினர், எவரை விளையாட விடாது தடுத்தனர் என்பனவும் வரலாறேயாம். சீன நாட்டிற் கோல்ப் ஆட்டம் கண்ட ஏற்றமும் இறக்கமும் இதற்குத் தக்க சான்றாகும்.

கோலாற் பந்தை அடித்துக் குழியில் வீழ்த்தும் ஆட்டம் சீனருக்கு முற்றிலும் புதியதன்று என்பதறிந்து நேயர்கள் வியப்புறலாம். ‘சூய்வான்’ எனப்பட்ட அத்தகைய ஆட்டமொன்று சொங் அரச மரபினர் காலத்தில் அங்கு வழங்கியது. 1282 ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ‘வான்ஜிங்’ என்னும் நூல் எழுந்தது. 32 அதிகாரங்களையுடைய அந்நூல் பந்து, கோல், ஆடுநிலம் என்பவற்றை விளக்குவதோடு அமையாது, ஆடுவோர் காக்க வேண்டிய ஒழுக்கத்தையும் வற்புறுத்துகின்றது. மிங் மரபுப் பேரரசர் ஒருவர் இவ்வாட்டத்தில் ஈடுபட்டிருக்கும் ஓவியம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் உண்டு. காலப்போக்கில் இவ்வாட்டம் வழக்கொழிந்தது. ஸ்கொத்லாந்தின் கோல்ப் இதிலிருந்தே பிறந்ததென்பாரும் உளர்; எனினும் அவ்விரண்டையும் இணைக்கும் உறுதியான சான்று எதுவுமில்லை.

இக்காலக் கோல்ப் ஆங்கிலேயரின் வணிகக் கப்பல்களைத் தொடர்ந்து வந்தது. 1889 இல் ஹொங்கொங்கிலும், 1894 இல் ஷங்ஹாயிலும் கோல்ப் சங்கங்கள் தோன்றின. அங்கு ஆடியோர் பெரும்பாலும் அயல்நாட்டு வணிகரும் அலுவலருமே. சீனருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் கோற்பை சுமக்கும் இடமாகவே இருந்தது. ஆகவே, 1949 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் புதிய ஆட்சியினர் இதனைச் செல்வர் ஆட்டமென ஒதுக்கியதில் வியப்பில்லை. ஷங்ஹாய் நகரின் மேற்கிலிருந்த கோல்ப் திடலொன்று 1954 இற் பொதுமக்கள் பூங்காவாக மாறியது. பின்னர் அதுவே அந்நகரின் விலங்குக் காட்சிச்சாலையாயிற்று. சிலர் மட்டும் உலாவிய புற்றரையிற் பலருடைய பிள்ளைகள் விளையாடினர். இதனை வெறும் இழப்பென்று கூறுதல் பொருந்தாது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1984 இல், சுன் யாட் சென் பிறந்த சொங்ஷான் பகுதியில், அமெரிக்க ஆட்டக்காரர் ஆர்னல்ட் பாமர் வகுத்த திடலொன்று திறக்கப்பட்டது. மறு ஆண்டில் சீனக் கோல்ப் சங்கம் அமைந்தது. ஆயினும் பழைய குறை வேறுருவில் மீண்டது. அங்கத்துவக் கட்டணம் எளியோர்க்கு எட்டாததாயிற்று. விளைநிலமும் நீரும் திடல்களுக்குச் சென்றன. புதிய திடல் அமைத்தலை அரசு 2004 இல் தடைசெய்தது. அப்போது 200 இற்கும் குறைவாயிருந்த திடல்கள், தடையையும் மீறிப் பின்னர் 600 இற்கு மேற்பட்டன. 2017 இல் 683 திடல்களை ஆராய்ந்த அரசு, அவற்றுள் 111 ஐ மூடிவிட்டது. நிலத்தை இழந்த உழவனின் நோக்கிற் பார்ப்பார்க்கு இந்நடவடிக்கையின் நியாயம் விளங்கும்.

அவ்வாறாயின், இவ்வாட்டம் சீன மண்ணில் வேரூன்றியதற்குக் காரணம் யாது? திடல் கட்டிய செல்வரைக் காட்டிலும், ஊதியங் கருதாது ஆடுவோரின் கூட்டுறவே அதற்குக் காரணமெனல் வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்திற் பயின்றோர், ஒரே தொழில் செய்வோர், ஒரே ஊரினர் எனப் பலரும் குழுக்களாகக் கூடி ஆடுகின்றனர். இத்தகைய கூட்டுறவுக்குக் கோல்ப் ஆட்டத்தின் இரு இயல்புகள் துணைபுரிகின்றன.

முதலாவது, ‘ஹண்டிகெப்’ எனப்படும் கழிவெண் முறை. கழிவெண் 20 உடைய புதியவர் 95 அடிகளில் ஆட்டத்தை முடிப்பாராயின் அவரது கணக்கு 75 ஆகும். கழிவெண் 5 உடைய வல்லவர் 81 அடிகளில் முடித்தால் அவரது கணக்கு 76. புதியவரே வென்றவராவார். இதனால் முதியவரும் இளையவரும், வல்லவரும் மெல்லியரும் ஒருங்கே ஆடுதல் கூடும். இரண்டாவது, நேர்மை. அன்றாட ஆட்டத்தில் நடுவர் உடன் வருவதில்லை. தன் அடிகளைத் தானே எண்ணித் தன் தவற்றைத் தானே கூறுதல் வேண்டும். ‘வான்ஜிங்’ ஒழுக்கத்தை வற்புறுத்தியதும் இங்கு நினைக்கத்தக்கது.

இப்பண்பின் பயனை ஒரு சிறுவனிடம் உலகம் கண்டது. ஊதியங் கருதா ஆட்டக்காரருக்கான ஆசிய பசிபிக் போட்டி 2009 இல் முதன்முதலாக ஷென்சென் நகரில் நடைபெற்றது. 2012 இல் அப்போட்டியை வென்றவன் குவாங்சௌ நகரைச் சேர்ந்த குவான் தியென்லாங். அப்போது அவனுக்கு வயது 14. அவ்வெற்றியால், 2013 இல் அமெரிக்காவின் ஒகஸ்ரா திடலில் நிகழும் ‘மாஸ்டர்ஸ்’ போட்டியில் ஆடும் உரிமை பெற்றான். அங்கு, தாமதமாக ஆடினானென்று ஓர் அடி தண்டனையாகச் சேர்க்கப்பட்டது. அத்தீர்ப்பை அவன் மதித்து ஏற்றான். அவ்வாண்டு அங்கு ஆடிய ஊதியங் கருதா ஆட்டக்காரருள் இறுதிச் சுற்றுவரை நின்றவன் அவன் ஒருவனே. அவனைத் தொடர்ந்து லின் யூசின் 2017 இலும் 2019 இலும் ஆசிய பசிபிக் போட்டியை வென்றார். 2022 இல் டிங் வென்யி அமெரிக்க இளையோர் போட்டியை வென்றார்.

ஒரு காலத்தில் சீனர் கோற்பை சுமந்து நடந்த ஆட்டத்தில் இன்று அவர்தம் பிள்ளைகள் பரிசு பெறுகின்றனர். எனினும் பரிசுகளின் தொகை கொண்டு மட்டும் ஒரு விளையாட்டின் வளர்ச்சியை அளத்தல் ஆகாது. உழவனின் நிலத்தைப் பறியாது, எளியோரின் பிள்ளையும் குறைந்த செலவிற் கோலேந்தக்கூடிய பொதுத் திடல்கள் பெருகுமாயின், சீன மக்களின் ஆட்டமாக அது நிலைக்கும். அன்றேல், முன்னர் ஒருமுறை புற்றரை பூங்காவான கதை மீண்டும் நிகழினும் அதற்காக வருந்துவோர் சிலரே இருப்பர்.