பலகையும் ஆணியும்

முழுதாக அமைந்த ஒரு கதிரையிலே மரத்தைக் காட்டிலும் வெற்றிடமே மிகுதி. அதனைக் கப்பலிலோ வண்டியிலோ ஏற்றி அனுப்புங்கால் செலுத்தப்படும் கூலியிற் பெரும்பகுதி, கால்களுக்கிடையே உள்ள அந்த வெற்றிடத்துக்கே போய்விடுகின்றது. உறுப்புக்களாகப் பிரித்து அனுப்பிச் சேருமிடத்திற் பொருத்தும் முறை இவ்வுண்மையிலிருந்தே பிறந்தது. அம்முறையின் வரலாறு மலிவின் வரலாறு மட்டுமன்று. செய்யும் கைக்கும் பயன்படுத்தும் கைக்கும் இடையிலுள்ள உறவின் வரலாறுமாகும்.

1796ஆம் ஆண்டில் றைன் நதிக்கரையிலுள்ள பொப்பாட் என்னும் ஊரிலே பிறந்த மைக்கேல் தோனெற், பின்னர் வியன்னா நகரிற் குடியேறிய தச்சர். பீச் மரக் கோல்களை நீராவியால் இளக்கி, வளைத்து, உலரவைத்து, கதிரையின் உறுப்புக்களாக்கினார். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது 14ஆம் இலக்கக் கதிரைக்கு வேண்டியவை ஆறு மர உறுப்புக்களும், பத்துத் திருகாணிகளும், இரண்டு சுரைகளுமே. ஒரு கன மீற்றர் அளவுள்ள பெட்டியிலே இத்தகைய 36 கதிரைகளைப் பிரித்து அடுக்க முடிந்தது. 1930ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஐந்து கோடிக் கதிரைகள் விற்பனையாகியிருந்தன.

பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலத்திலே, ஒல்லாந்துக் கட்டடக் கலைஞரான கெரிற் றீற்வெல்ட், சாமான் பெட்டிகள் அடிக்கப் பயன்படும் முரட்டுப் பலகையைக் கொண்டு 1934ஆம் ஆண்டிற் கதிரைகளை வகுத்தார். பண்டசாலையோடு நின்றுவிட்ட பலகைக்கு வீட்டுக் கூடத்திலும் இடம் உண்டென்பதை அவை காட்டின. அடுத்து வந்தது சுவீடன். அங்கே 1943ஆம் ஆண்டிற் பதினேழு வயது இளைஞரான இங்வார் கம்பிராட் தொடங்கிய இக்கேயா நிறுவனம், 1956ஆம் ஆண்டிலே தட்டைப் பொதி முறையைக் கைக்கொண்டது. அந்நிறுவனத்திற் பணியாற்றிய கில்லிஸ் லுண்ட்கிரென், மோட்டார் வண்டிக்குள் அடங்காத மேசையொன்றின் கால்களைக் கழற்றியதே இதற்குத் தொடக்கம் என்பர்.

விலை குறைந்தது உண்மையே. ஆயினும், முன்பு தச்சன் செய்த வேலையில் ஒரு பகுதி வாங்குபவனிடம் வந்து சேர்ந்தபோது, தச்சனின் அறிவு அவ்வேலையோடு சேர்ந்து வரவில்லை. படத்திற் காட்டிய துளையிலே காட்டிய ஆணியை அவன் முடுக்குகின்றான். அத்துளை ஏன் அங்கே இருக்கின்றது என்பதை அறியான். உழைப்பு கைமாறியது, அறிவு கைமாறவில்லை.

இக்குறையை எண்ணிப் பார்த்தவர் இத்தாலியைச் சேர்ந்த என்சோ மாரி. 1932ஆம் ஆண்டில் நொவாராவிற் பிறந்து மிலானோவிலே தொழில் புரிந்த அவர், 1974ஆம் ஆண்டில் 19 தளபாடங்களுக்கான வரைபடங்களை வெளியிட்டார். கதிரை, மேசை, கட்டில், வாங்கு, புத்தகத் தட்டு என்பன அவற்றுள் அடங்கும். வேண்டியவை சாதாரண பைன் பலகையும், ஆணியும், சுத்தியலும், வாளுமே. அஞ்சற் செலவை அனுப்பியவர்க்கெல்லாம் வரைபடங்கள் இலவசமாகச் சென்றன. தொழிற்சாலைகளும் வணிகர்களும் நீங்கலாக எவரும் அவற்றைக் கொண்டு தமக்கெனச் செய்துகொள்ளலாம். செய்து முடித்ததைப் படம்பிடித்து அனுப்புமாறு மட்டும் அவர் கேட்டுக்கொண்டார்.

நான்கு பலகைகளைச் சதுரமாக இணைத்து மூலைகளில் ஆணியடித்தால் அச்சட்டம் ஆடும். குறுக்கே மூலைவிட்டமாக மற்றொரு பலகையை அடித்தால் முக்கோணம் உண்டாகின்றது, ஆட்டம் நிற்கின்றது. இதனை நூலிற் படிப்பவன் மறந்துவிடக்கூடும். தன் கையால் அடித்து, ஆட்டிப் பார்த்தவன் மறவான். அப்படி அறிந்தவன் பின்னர்க் கடையிலே ஒரு கதிரையைக் காணும்போது, மினுக்கத்தைக் கண்டு மயங்காது, அது எவ்வாறு நிற்கின்றது என்று பார்ப்பான். மாரி விரும்பிய பயன் இதுவே. ஆனால் எழுதியவர்களுட் பெரும்பாலோர் அதனை உணரவில்லை. நாட்டுப்புறப் பாங்கான அழகென்றே அதனைக் கொண்டனர். அவருக்கு அது வருத்தந் தந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர் அவ்வரைபடங்கள் எதிர்பாராத கைகளைச் சென்றடைந்தன. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டு, மத்தியதரைக் கடலைக் கடந்து, இலம்பெடூசாத் தீவு வழியாக ஐரோப்பாவை அடைந்த இளைஞர் சிலர், பேர்ளின் நகரிலே தொழில் புரிய உரிமையின்றித் தவித்தனர். அவர்களுக்கெனக் குகுலா என்னும் பட்டறை உருவாயிற்று. ஒன்றுகூடிச் செய்தல், ஒருவரையொருவர் பேணுதல் என்பன ஹவுசா மொழியில் அச்சொல் தரும் பொருள்கள். மாரியின் வரைபடங்களைக் கொண்டு அவர்கள் முதலிலே தமக்கு வேண்டிய தளபாடங்களைச் செய்தனர். பின்னர் விற்பனைக்கும் செய்தனர். வணிகருக்கு மறுத்த உரிமையை மாரி இவர்களுக்கு மனமுவந்து வழங்கினார்.

சில கதிரைகளிலே, பைன் பலகைகளுக்கிடையே, நிறம் மங்கிய வேறொரு மரத்துண்டும் ஆணியடிக்கப்பட்டிருந்தது. அது இலம்பெடூசாக் கரையிலே கைவிடப்பட்டுக் கிடந்த அகதிப் படகுகளின் பலகை. 2020ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19ஆந் திகதி மாரி மிலானோவிற் காலமானார். செய்பவன் அறிந்து செய்யவேண்டும் என்ற அவர் விருப்பத்தை நிறைவேற்றியவர்களுள், அமர்வதற்கு ஓரிடமும் இன்றி வந்த அவ்விளைஞர்களும் அடங்குவர்.