வாசலில் வந்து நின்ற பெண்கள்

மதீனாவில் இருள் பிரியாத ஒரு வைகறை. சுப்ஹுத் தொழுகைக்காக வெளியே வந்த நபி (ஸல்) அவர்கள், தம் வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கண்டார்கள். அவர் ஸஹ்லின் மகள் ஹபீபா (ரலி). கணவர் ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அடித்ததில் அவருடைய உடலில் ஓரிடம் முறிந்திருந்தது என அபூதாவூதின் அறிவிப்பு கூறுகிறது. கொடுத்த மஹரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடுமாறு அண்ணலார் தீர்ப்பளித்தார்கள். ஸாபித் அன்ஸாரிகளின் பேச்சாளராக விளங்கிய பெருமகன் என்பது அத்தீர்ப்புக்குத் தடையாகவில்லை.

அடைக்கலம் தேடி வாசலுக்கு வந்தவர்கள் நம் சென்னையிலும் உண்டு. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிய சிறுமியர் சிலர், விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டு, 1930-இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டை நாடினர். அவர்களுக்காகத் தொடங்கப்பட்டதே அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அதுவரை அச்சிறுமியரால் காத்திருக்க இயலுமா?

அதே ஆண்டுகளில் வட இந்தியாவில் நம் சமூகம் தலைகுனியும் நிலை. அங்கு வழங்கிய ஹனஃபி சட்டப்படி, கொடிய கணவனிடமிருந்து விடுபட வழி காணாத பெண்கள் சிலர், நிக்காஹ் முறிய வேண்டும் என்பதற்காக மார்க்கத்தையே துறப்பதாக அறிவித்தனர். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அப்பெண்களைப் பழிப்பதோடு நிற்கவில்லை. மாலிகி மத்ஹபின் சட்டங்களை ஆராய்ந்து 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்னும் நூலை எழுதினார். உலமாக்களின் அம்முயற்சியே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்துக்கு வழிகோலியது. மனைவியை வழக்கமாக அடிப்பது அச்சட்டத்தில் மணமுறிவுக்குரிய காரணம். நூலின் பெயரை அறிந்த ஆலிம்கள் பலர். அது எவருடைய கண்ணீரால் எழுந்தது என்பதை மேடையில் சொல்வோர் சிலரே.

ஆற்காட்டு நவாப் குடும்பத்தின் பள்ளிவாசல் விளக்குகளால் பெயர்பெற்ற ஆயிரம் விளக்குப் பகுதியில், தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் திறக்கப்பட்டது. ஆணிடம் சொல்ல நாணும் துயரைப் பெண்ணிடம் சொல்ல அது இடமளித்தது. (அங்கும் சமரசம் பேசியே அனுப்பிவிடுகிறார்கள் என்னும் குறை நெடுநாளையது.) 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ எம்மதத்துப் பெண்ணுக்கும் உரியது. வீடு எவர் பெயரில் இருப்பினும், சட்ட நடைமுறையின்றி அவளை வெளியேற்ற இயலாது. பாதுகாப்பு அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவும் செலவுத்தொகையும் கோரலாம். இவற்றுக்குத் தலாக்கோ குலாவோ வேண்டியதில்லை என்பதை நம் குடும்பங்கள் பலவும் அறியா. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி முதல் சிகிச்சை அளித்தாக வேண்டும்; வருமானம் எதுவாயினும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஜமாஅத் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்து நிற்கிறாள் எனில், இருவீட்டாரையும் கூட்டுமுன் அவள் இன்றிரவு எங்கே உறங்குவாள் என்று நாம் கேட்க வேண்டும். அடித்தவன் எதிரே அமர்ந்திருக்க, அவள் எதைச் சொல்வாள்? பெண்களுக்கான உதவி எண் 181 இரவிலும் இயங்குகிறது. பெண்கள் நுழையும் வாசலில், தொழுகை நேரப் பலகைக்கு அருகே அதையும் எழுதி வைக்கலாம்.