நாரிநோவும் நெருப்பும்

கல்முனைக் கரையோரத்தில் நாரிநோவு புதிய விருந்தாளியன்று. மருதமுனையில் நாள் முழுதும் தறியில் அமர்ந்து நெய்பவருக்கும், கடற்கரையில் வலை இழுப்பவருக்கும், வயலிற் குனிந்து கதிர் அறுப்பவருக்கும் கூலியோடு சேர்ந்தே வருவது அது.

இந்நோவை நெருப்பால் தீர்க்கும் எண்ணம் மிகப் பழையது. யூனானி வைத்திய மரபின் முன்னோருள் ஒருவரான அல் ஸஹ்ராவி, 1000ஆம் ஆண்டளவில் குர்துபாவில் நிறைவுசெய்த பெருநூலில், முதுகு நோவுக்குக் காய்ச்சிய இரும்பாற் சூடிடும் முறையை விவரித்தார். ஆயினும் இரும்பு தொட்டது தோலை. நோவு இருந்ததோ ஆழத்தில்.

முள்ளந்தண்டு எலும்புகளைப் பின்புறத்தே இணைக்கும் சிறு மூட்டுக்களும் நோவு தரலாம் என்று 1911இல் அமெரிக்க வைத்தியர் கோல்ட்த்வெயிட் கருதினார். 1933இல் கோம்லி அந்நோய்க்குப் பெயரும் சூட்டினார். மறு ஆண்டே எலும்பிடைத் தட்டு பிதுங்குதலைப் பற்றிய ஆய்வு வெளிவர, வைத்திய உலகின் கவனம் முழுதும் அங்கே திரும்பியது. மூட்டுக்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டன.

1971இல் ஆஸ்திரேலிய வைத்தியர் ரீஸ், தோலினூடே நீண்ட கத்தியைச் செலுத்தி மூட்டு நரம்பை அறுத்ததாகவும், ஏறக்குறைய அனைவரும் குணமடைந்ததாகவும் அறிவித்தார். கத்திக்குப் பதிலாக, வானொலி அலை மின்னோட்டத்தால் நுனி சூடேறும் ஊசியை அமெரிக்காவின் ஷீலி கையாண்டார். அவர் கட்டுரை 1975இல் வெளிவந்தது. பின்னர்தான் வியப்பு நேர்ந்தது. 1979இல் பொக்டக், லாங் என்னும் இருவர் உடற்கூற்றை நுணுகி ஆராய்ந்து, ஊசி வைக்கப்பட்ட இடத்தில் அந்நரம்பே இல்லை எனக் காட்டினர். ரீஸின் கத்தியும் நரம்பை எட்டியிராது என்பது தெளிவாயிற்று. அவ்வாறாயின் குணமடைந்தோர் எதனாற் குணமடைந்தனர்? நோயாளி சொல்லும் ஆறுதல் ஒன்றே சிகிச்சைக்குச் சான்றாகாது என்பதை வைத்தியர் உணர வேண்டியதாயிற்று.

ஆகவே சுடுமுன் சோதனை வேண்டப்பட்டது. சரியான நரம்பருகே சிறிதளவு விறைப்பு மருந்து செலுத்தப்படும். நோவு தணிந்தால், வேறொரு நாளில் மீண்டும் சோதிப்பர். அதன் பின்னரே, ஊடுகதிர்ப் படத்தின் துணையோடு, ஏறத்தாழ 80 பாகைச் சூடு ஒன்றரை நிமிடமளவு கொடுக்கப்படும். எலும்பை வெட்டுவதில்லை, பெருங்காயமும் இல்லை.

இருந்தும் வழக்கு முடியவில்லை. உடற்பயிற்சியோடு இச்சூட்டையும் சேர்த்ததனாற் குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை இல்லை என்று 2017இல் நெதர்லாந்து ஆய்வு கூறியது. ஒரே சோதனையை நம்பி நோயாளரைத் தெரிந்தமை போதாது என மறுத்தோரும் உளர். தறிக்காரர் ஒருவர் இவ்வூசியை நாடினால், முதலிற் கேட்க வேண்டியது அச்சோதனையைப் பற்றியே. மேலும், சுட்ட நரம்பு காலப்போக்கில் மீண்டும் வளரும். நோவு திரும்பினால் ஊசியையும் திரும்ப நாட வேண்டிவரும்.