மாதம் ஒரு மர்மம்: தமிழ்த் துப்பறியும் நாவல் வளர்ந்த கதை



கோயம்புத்தூர் எழுத்தாளர் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். இதைச் சொன்னால் இங்கே வளரும் எங்கள் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒரு மனிதரால் இது எப்படி முடிந்தது? அவருடைய திறமை பாதிக் காரணம் என்றால், அச்சுத் தொழில் மறுபாதி என்பேன்.

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதினார்கள். கற்றறிந்தோர் முகம் சுளித்தார்கள், சனங்கள் விரும்பி வாங்கினார்கள். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். 1968இல் குமுதத்தில் தொடராக வந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு' மூலம் வக்கீல் கணேஷ் அறிமுகமானார்.

1980களில் வியாபாரமே மாறியது. 'க்ரைம் நாவல்', 'பாக்கெட் நாவல்' போன்ற மாத இதழ்கள் பஸ் நிலையங்களிலும் பெட்டிக்கடைகளிலும் தொங்கின. ஓர் இதழுக்கு ஒரு நாவல். பக்க அளவும் வெளிவரும் தேதியும் முன்பே முடிவானவை. எழுதும் மனநிலை வரட்டும் என்று எழுத்தாளர் காத்திருக்க முடியாது. ராஜேஷ்குமார் இதற்கு நல்லதொரு வழி வைத்திருந்தார். சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி மாற்றிச் சொல்வார். ஒன்று நெருக்கடியில் நிற்கும்போது மற்றது தொடங்கும். முடிவில் இரண்டும் ஒரே முடிச்சில் வந்து சேரும். புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது.

ஈழத்திலும் சந்தைதான் எழுத்தை வளர்த்தது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, வீரகேசரி பிரசுரம் எங்கள் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் கொண்டுவந்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' இரண்டும் அப்படி வந்தவையே. அவை மர்மக் கதைகள் அல்ல. ஆனாலும் வாங்க ஆள் இருந்தால் எங்களிடம் எழுதவும் ஆள் உண்டு என்பதைக் காட்டின.

மர்ம நாவலாசிரியர் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: கடைசிப் பக்கத்தில் உண்மை தெரிந்துவிடும். எங்கள் குடும்பங்களில் பலருக்கு அந்தக் கடைசிப் பக்கம் கிடைக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காக நீண்டது. அவர்களுடைய கதையை எழுதுபவர் அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவார்?

இது முடியாத காரியம் அல்ல. ஷெஹான் கருணாதிலகவின் ஆங்கில நாவலில், 1990இல் கொழும்பில் கொல்லப்பட்ட ஒரு படப்பிடிப்பாளர், தன்னைக் கொன்றவர் யார் என்று தானே தேடுகிறார். 2022இல் அதற்குப் புக்கர் பரிசு கிடைத்தது. எங்கள் வீடுகளில் உள்ள கதைகளையும் யாராவது இப்படி எழுதவேண்டும் என்பது என் ஆசை.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் வழி உண்டு. சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் ராஜேஷ்குமார், தமிழ்வாணன், சுபா போன்றோரின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. நியூ ஜேர்சியில் இருந்தாலென்ன, டெக்சாசில் இருந்தாலென்ன, தேடி வாங்கி அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். பிறகு அவர்களுக்கு ஒரு தேதி குறித்து, மூன்று பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி குறித்தால் கதை வரும் என்பதற்கு அந்த 1,500 நாவல்களே சாட்சி.